கல் ரோட்டில் பின்பக்கம் தூக்கிப் போடுது, ஷாக்கப்சர் போயிடுச்சா?

புழுதிவண்டி:
அவசரம் நண்பர்களே. மூணு நாள்ல மலைப்பாதைக்குக் கிளம்பணும். கரடுமுரடான வழியில ஏறினா பின்பக்கம் தூக்கித் தூக்கிப் போடுது. பம்பரை அமுக்கி விட்டேன், ஒரே ஆட்டத்துல நின்னுடுச்சு. எண்ணெயும் கசியலை. அப்போ ஷாக்கப்சர் நல்லாத்தானே இருக்கு?

மேடுபள்ளம்:
என்ன வண்டி? பின்னாடி பட்டையா (அடுக்கடுக்கான இரும்புத் தகடு ஸ்ப்ரிங்), காயில் ஸ்ப்ரிங்கா? வண்டியை உயரமாக்க லிஃப்ட் போட்டிருக்கா? எவ்வளவு ஓடியிருக்கு? ஒண்ணுமே சொல்லலையே.

காத்தடி:
முதல்ல டயர்ல காத்தைப் பாருங்க. தார் ரோட்டுக்கு அடிச்ச காத்தோட கல்லுல ஏறினா எந்த வண்டியும் குதிக்கும். நான் எப்பவும் சொல்றது இதுதான்.

பழையகியர்:
பம்பரை அமுக்கிப் பார்ப்பது சின்னக் காருக்கான சோதனை. இதைப் பலமுறை எழுதியாகிவிட்டது, தேடிப் படித்துவிட்டுக் கேட்டிருக்கலாம். பட்டை வண்டியில் அடுக்குகள் ஒன்றோடொன்று உரசும். அந்த உரசலே ஆட்டத்தை அடக்கிவிடும், ஷாக்கப்சர் செத்துக் கிடந்தாலும். தவிர, கையால் அமுக்கும் வேகம் வேறு, கல்லில் சக்கரம் எகிறும் வேகம் வேறு.

மேடுபள்ளம்:
விஷயம் சரி, கொஞ்சம் தன்மையா சொல்லலாம் சார். அவர் அவசரத்துல இருக்கார்.

செம்மண்தடம்:
கசியலைங்கறதை வச்சு முடிவு பண்ணாதீங்க. ஷாக்கப்சர் தண்டுக்குப் பக்கத்துல லேசா ஈரமா தூசி படிஞ்சிருந்தா பரவாயில்லை, சீல் உலராம இருக்க அந்தப் படலம் வேணும். உடம்பு முழுக்க வழிஞ்சு சொட்டினா கதை முடிஞ்சுது. ஆனா உள்ளே வால்வு தேஞ்சிருந்தா வெளியே ஒரு சொட்டுகூட வராது.

எனக்குக் கைகொடுத்த சோதனை ஒண்ணு. கல் ரோட்டுல இருபது நிமிஷம் ஓட்டிட்டு உடனே இறங்கிப் பாருங்க. ஆட்டத்தை வெப்பமா மாத்தறதுதான் ஷாக்கப்சரோட வேலை, அதனால உழைக்கிறது சுடும். சுடாதது சும்மா தொங்கிட்டு வருது. நேரா தொட்டுடாதீங்க, கை வெந்துடும். புறங்கையைக் கொஞ்சம் தள்ளி வச்சாலே அனல் தெரியும். பின்னாடி இடதை வலதோட மட்டும் ஒப்பிடுங்க. சைலன்சர் குழாய் பக்கம் இருக்கறது கூடுதலா சுடும், அதையும் கணக்குல வச்சுக்கோங்க.

புழுதிவண்டி:
பட்டைதான். 2 அங்குலம் லிஃப்ட் போட்டேன். ஷாக்கப்சர் பழசே.

மேடுபள்ளம்:
அதை முதல்லயே சொல்லக் கூடாதா! தூக்கின வண்டிக்குப் பழைய ஷாக்கப்சரோட நீளம் பத்தாது. பள்ளத்துல சக்கரம் தொங்கும்போது முழுசா நீண்டு 'டங்'குன்னு இழுத்து நிக்கும். ஒவ்வொரு தடவையும் அடி உள்ளே பிஸ்டனுக்குத்தான்.

காத்தடி:
எப்படியும் மாத்தப் போறார்னா ஒற்றைக்குழாய் கேஸ் ஷாக்கப்சர் போடட்டும். நைட்ரஜன் அழுத்தத்துல எண்ணெய் சீக்கிரம் நுரைக்காது, சூடும் நேரா வெளியே போயிடும்.

பழையகியர்:
கல்லில் ஓடுபவருக்கு அதைச் சொல்லலாமா? ஒற்றைக்குழாயில் பிஸ்டன் வெளிச்சுவரிலேயே ஓடுகிறது. ஒரு கல் அடித்து நசுங்கினால் அங்கேயே சிக்கிக்கொள்ளும். இரட்டைக்குழாய் என்றால் வெளிக்குழாய் அடியைத் தாங்கும்.

காத்தடி:
கல் தடுப்பு மாட்டினா போச்சு. நீண்ட கல் ரோட்டுல இரட்டைக்குழாய் சூடேறி நுரைச்சு, கடைசியில வெறும் குழாய் மாதிரி ஆகறதை நான் அனுபவிச்சிருக்கேன்.

பழையகியர்:
வேகத்தைக் குறைத்திருந்தால் ஆகியிருக்காது.

செம்மண்தடம்:
இந்தச் சண்டைக்குத் தனி இழை போடுங்க ரெண்டு பேரும். புழுதிவண்டி, ஓட்டிப் பார்த்தீங்களா?

புழுதிவண்டி:
பார்த்தேன். இடது கிட்டயே போக முடியலை, அவ்வளவு சூடு. வலது வெதுவெதுன்னுகூட இல்லை. வலதைக் கழட்டி அமுக்கினேன், பாதி தூரம் தடையே இல்லாம பொதக்குன்னு இறங்குது.

செம்மண்தடம்:
நிமிர்த்தி வச்சுத்தானே அமுக்கினீங்க? படுக்க வச்சா காத்து புகுந்து நல்லதும் செத்த மாதிரி தெரியும்.

புழுதிவண்டி:
நிமிர்த்தித்தான். நாலைஞ்சு தடவை. ரெண்டையும் நீளமானதா மாத்திட்டேன், நன்றி.

செம்மண்தடம்:
நல்லது. ஷாக்கப்சர் முனையில இருக்கற ரப்பர் புஷ்ஷோட போல்ட்டை வண்டி தரையில நின்ன பிறகுதானே முடுக்கினீங்க? தொங்கும்போது முடுக்கினா ரப்பர் முறுக்கிக்கிட்டே இருந்து சீக்கிரம் கிழிஞ்சுடும்.

புழுதிவண்டி:
ஜாக்கியில வச்சேதான் முடுக்கினேன். லூஸ் பண்ணப் போறேன்.