ஃபேக்டரி வேலையை விட்டுட்டு கைத்தேயிலைக்கு வரலாமா?

கேள்வி: கோத்தகிரி பக்கம் தேயிலை ஃபேக்டரியில் டிரையர் வேலை. ஆசையெல்லாம் கையால் உருட்டுற தேயிலை மேலதான். பிடிச்சதே தொழிலா இருக்கணும்ங்கறாங்களே, வேலையை விட்டுடலாமா?

குன்னூர்க்காரர்: அவசரப்படாதீங்க தம்பி. 1 கிலோ தேயிலைக்கு ஏறக்குறைய 4.5 கிலோ கொழுந்து வேணும். லீவு நாள்ல 2 கிலோ பறிச்சு செஞ்சு பாருங்க, அரைக் கிலோகூடத் தேறாது. ரெண்டு இலை, ஒரு மொட்டு மட்டும் பறிக்கணும். வலைத்தட்டில் மெல்லிசா பரப்பி 14 முதல் 18 மணி நேரம் வாட விடுங்க. காம்பை வளைச்சா மடங்கணும். படக்குன்னு ஒடிஞ்சா ஈரம் போகலைன்னு அர்த்தம். அப்படியே உருட்டினா இலை முறுக்கேறாம துண்டு துண்டாகும். மூடுபனி நாள்ல ஃபேன் இல்லாம வாடவே வாடாது.

மலைவாசி: உருட்டின பிறகுதான் நிறைய பேர் கோட்டை விடுறாங்க. பச்சை வாசம் போய் பழ வாசம் எட்டிப் பார்த்ததும் சூட்டில் போட்டுடணும். தாமதிச்சா டீ சப்புன்னு இருக்கும். கடைசி ஈரம் 3 சதவீதம் அளவுக்கு இறங்கணும், இல்லேன்னா பாக்கெட்டுக்குள்ளேயே பூசணம். டிரையர்ல நிக்கிற உங்களுக்கு இது புதுசில்ல; நீங்க விட நினைக்கிற வேலைதான் இதுல பாதி வித்தை!

அக்கா: ஜனவரி உறைபனியில் பள்ளத்துத் தோட்டத்துக் கொழுந்து கருகிடும். அப்ப சம்பளம்தான் அடுப்பெரிக்கும். தொழிலாக்கினா உருட்டுற நேரத்தைவிட லேபிள், கூரியர், உணவுப் பாதுகாப்புப் பதிவுன்னு ஓடுற நேரம்தான் அதிகம். அதுவும் பிடிக்குமா?