எக்ஸ்ட்ரூடர் கிட்டைப் பூட்டியாகிவிட்டது. கால் மணி நேரத்தில் இழை நின்றுவிடுகிறது

கியூர்பிப் மேட்டுக்காரன் கேட்கிறார்:

அனைவருக்கும் வணக்கம். பிளாஸ்டிக் குருணையை உருக்கி 1.75 மி.மீ. இழையாகத் தள்ளும் வீட்டு எக்ஸ்ட்ரூடர் ஒன்றைக் கிட்டாக வரவழைத்துப் பூட்டியிருக்கிறேன். முப்பரிமாண அச்சுக்கான இழை மொரீஷியஸுக்கு வந்து சேருவதற்குள் கப்பல் கூலி அதன் விலையை ஏற்றிவிடுகிறது. வீட்டிலோ பாதியில் நின்றுபோன அச்சுகளும் தாங்குகால் கழிவுகளும் ஒரு பெரிய பெட்டி நிறையக் கிடக்கின்றன. எல்லாம் பி.எல்.ஏ. என்ற பிளாஸ்டிக்.

உள்ளே இருப்பவை: ஒரு பேரல் (உலோகக் குழாய்), அதற்குள் மரம் துளைக்கும் ஆகர் போன்ற ஒரு திருகு, ஹீட்டர் பட்டை, வெப்பநிலையை உணரும் தெர்மோகப்பிள், வெப்பநிலைக் கட்டுப்பாட்டுப் பெட்டி, ஹீட்டரைப் போட்டு அணைக்கும் மின்னணு சுவிட்சான சாலிட் ஸ்டேட் ரிலே, 24 வோல்ட் கியர் மோட்டார், ஒரு சிறு விசிறி. 175 டிகிரியில் வைத்து, பேரல் சூடேறி அரை மணி நேரம் ஆன பிறகுதான் மோட்டாரைப் போடுகிறேன். கால் மணி நேரம் இழை ஒழுங்காக வருகிறது. பிறகு மெலிகிறது, நின்றுவிடுகிறது. மோட்டார் உறுமுகிறது, அதைத் தாங்கும் தகடு பின்னோக்கி வளைவது கண்ணுக்கே தெரிகிறது. அணைத்தால் தகடு பழைய நிலைக்கு வந்துவிடுகிறது.

நன்றாக ஓடும் நேரத்திலும் இழையில் சிறு குமிழ்கள் இருக்கின்றன, இழை வெளிவரும் துளையான நாசிலில் 'சுர்' என்ற சத்தம் வேறு. வெர்னியரில் அளந்தால் 1.62 முதல் 1.83 வரை போகிறது. வாங்கிய குருணை பாதி, நான் அரைத்த துண்டுகள் பாதி கலந்திருக்கிறேன். மோட்டார் போதவில்லையா, சூடு போதவில்லையா? படங்களையும் இணைத்திருக்கிறேன்.

செயின்ட் பியர் தம்பி:

ரீயூனியனிலிருந்து வணக்கம் அண்ணா. சூடு போதவில்லை என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. 195க்கு ஏற்றிப் பாருங்கள். என்னுடைய இயந்திரத்திலும் மோட்டார் உறுமியது, சூட்டை ஏற்றியதும் ஓடத் தொடங்கியது. நான் ஓட்டியது ஏ.பி.எஸ். பிளாஸ்டிக்.

டர்பன் லேத்:

ஏற்றவே வேண்டாம். தம்பி ஓட்டியது ஏ.பி.எஸ்., அது இளகத் தொடங்குவதற்கே 100 டிகிரி தாண்ட வேண்டும். பி.எல்.ஏ. 60ஐ நெருங்கும்போதே மெத்தென்று ஆகிவிடும். சூடு போதாமல் நிற்கும் இயந்திரம் முதல் நிமிடத்திலேயே நிற்கும். கால் மணி நேரம் ஓடிவிட்டு நிற்கிறது என்றால் ஏதோ ஒன்று மெல்ல மெல்லச் சூடேறிக்கொண்டிருக்கிறது. அது நாசில் பக்கம் இல்லை, குருணை கொட்டும் ஹாப்பருக்குக் கீழே, குருணை விழும் தொண்டைப் பக்கம்.

திருகு எப்படித் தள்ளுகிறது என்பதைப் பலர் தவறாகவே நினைக்கிறார்கள். குருணை பேரலின் சுவரைப் பிடித்துக்கொள்ள வேண்டும், திருகின் மேல் வழுக்க வேண்டும். அப்போதுதான் அது முன்னால் நகரும். தொண்டை சூடாகிக் குருணை பிசுபிசுத்துத் திருகில் ஒட்டிக்கொண்டால், திருகோடு சேர்ந்து அதுவும் சுற்றிக்கொண்டிருக்கும், ஓரடிகூட முன்னே போகாது. அங்கே ஒரு கட்டி உருவாகும், மோட்டார் அதோடு மல்லுக்கட்டும். இந்த நிலையில் சூட்டை ஏற்றினால் கட்டி இன்னும் சீக்கிரமாக உருவாகும்.

மூன்று கேள்விகள். தொண்டையைத் தொட்டால் கை பொறுக்கிறதா? விசிறி எதை நோக்கி இருக்கிறது? திருகின் பின்விசையைத் தாங்கும் த்ரஸ்ட் பேரிங் எந்த வரிசையில் உட்கார்ந்திருக்கிறது? தகடு வளைகிறது என்று நீங்கள் எழுதியதுதான் எனக்கு உறுத்துகிறது.

காத்ர் போர்ன் மின்வேலை:

அவர் எதையும் தொடுவதற்கு முன் நான் ஒன்று சொல்ல வேண்டும். மூன்றாவது படத்தில் இரண்டு உருண்டை முனைகள் கொண்ட பிளக் தெரிகிறது, அதை நம் ஊர் மூன்று துளை சாக்கெட்டில் செருகியிருக்கிறீர்கள். எர்த் துளையில் பேனா மூடியை நுழைத்துத் திறக்கும் பழக்கம் இந்தத் தீவில் எந்த வீட்டில் இல்லை! கைப்பேசி சார்ஜருக்கு அது எப்படியோ போகட்டும். இங்கே 230 வோல்ட் ஓடும் ஹீட்டர் பட்டை ஓர் உலோகக் குழாயை இறுக்கிக் கட்டியிருக்கிறது. காப்பு ஒரு நாள் கிழிந்தால் பேரல் முழுவதும் மின்சாரம்.

மூன்று கம்பி கொண்ட வயரும் ஃப்யூஸ் உள்ள மூன்று முனை பிளக்கும் வாங்குங்கள். பிளக்கோடு வரும் 13 ஆம்பியர் ஃப்யூஸை எடுத்துவிட்டு 3 ஆம்பியர் போடுங்கள், உங்கள் இயந்திரத்துக்கு அது தாராளம். பச்சை மஞ்சள் கம்பியைப் பேரலைத் தாங்கும் சட்டத்தில் வண்ணப்பூச்சைச் சுரண்டிவிட்டு இறுக்குங்கள். பிறகு பிளக்கின் எர்த் முனைக்கும் பேரலுக்கும் இடையே மல்டிமீட்டரில் தொடர்ச்சி பாருங்கள்.

இன்னொன்று. சாலிட் ஸ்டேட் ரிலே கெட்டுப்போனால் பெரும்பாலும் திறந்துகொள்ளாது, மூடியபடியே நின்றுவிடும். கட்டுப்பாட்டுப் பெட்டி 'அணை' என்று சொன்னாலும் ஹீட்டர் எரிந்துகொண்டே இருக்கும். ஹீட்டர் வரிசையில், சூடு அளவு மீறினால் அறுந்துகொள்ளும் ஒரு வெப்ப ஃப்யூஸ் சேர்த்து அதைப் பேரலோடு ஒட்டி வையுங்கள். ரிலே அணைந்திருக்கும்போதும் அதன் வழியாகச் சிறிது மின்சாரம் கசியும். ஆகவே வேலை செய்யும்போது சுவிட்சை நம்பாமல் பிளக்கையே பிடுங்கிவிடுங்கள்.

கியூர்பிப் மேட்டுக்காரன்:

வயர், பிளக், ஃப்யூஸ் எல்லாம் மாற்றிவிட்டேன் அண்ணா, தொடர்ச்சியும் இருக்கிறது. வெப்ப ஃப்யூஸுக்குச் சொல்லி வைத்திருக்கிறேன்.

டர்பன் அண்ணா, தொண்டையில் விரலை வைக்கவே முடியவில்லை. கையேட்டில் சொன்னபடி வெப்பக் காப்பான பீங்கான் கம்பளியைப் பேரல் முழுநீளத்துக்கும் சுற்றியிருக்கிறேன். விசிறி நாசிலுக்கு வெளியே வரும் இழையை நோக்கி இருக்கிறது. பேரிங்கில் இரண்டு வளையங்கள், நடுவே குண்டுகள். கையேட்டின் படத்தில் இரண்டு வளையங்களும் ஒரே அளவாகத்தான் வரையப்பட்டுள்ளன.

டர்பன் லேத்:

அந்தப் படத்தை வரைந்தவர் பேரிங்கைக் கையில் எடுத்துப் பார்த்திருக்க மாட்டார். இரண்டு வளையங்களின் உள்துளையையும் அளந்து பாருங்கள். ஒன்று தண்டை இறுக்கமாகப் பிடிக்கும், மற்றொன்று கொஞ்சம் பெரியது, தண்டைத் தொடாது. இறுக்கமானது திருகோடு சேர்ந்து சுற்ற வேண்டியது, தளர்வானது அசையாத தகட்டில் உட்கார வேண்டியது.

திருகு உருகலை முன்னே தள்ளும்போது அதே விசை திருகைப் பின்னே தள்ளுகிறது. முறுக்கு உரலை அழுத்தும்போது உள்ளங்கையில் ஏறுகிற எதிர்விசைதான் இதுவும். அதை வாங்கிக்கொள்ளும் உள்ளங்கை இங்கே த்ரஸ்ட் பேரிங். திருகின் தோள், அதன் பின் இறுக்கமான வளையம், குண்டுகள், தளர்வான வளையம், பின் அசையாத தகடு, இதுதான் வரிசை. மாற்றிப் போட்டால் சுற்றும் வளையம் தகட்டில் உராயும். பேரிங்கையே மோட்டாருக்குப் பின்னால் போய் விழும்படி பூட்டினால், முழு விசையும் கியர் பெட்டியின் தண்டில் ஏறி மோட்டார் தகட்டைப் பின்னே தள்ளும். உங்களிடம் நடப்பது இந்த இரண்டில் ஒன்று.

கம்பளியை ஹீட்டர் பட்டைக்குச் சற்றுப் பின்னால் வரை மட்டும் விட்டுவிட்டு மீதியை வெட்டி எடுங்கள். வெட்டும்போது முகமூடி போடுங்கள், அந்தத் தூசி நுரையீரலுக்கு ஆகாது. விசிறியைத் தொண்டைக்குத் திருப்புங்கள். இழைக்கு வேண்டுமானால் பிறகு வேறொரு விசிறி பார்த்துக்கொள்ளலாம்.

ரோஸ் ஹில் வாத்தியார்:

குமிழ்களைப் பற்றி யாரும் பேசவில்லையே! அது ஈரம். கியூர்பிப் மழைக்காற்றில் திறந்து வைத்த பி.எல்.ஏ. ஈரத்தை இழுத்துக்கொள்ளும். பேரலுக்குள் அந்த ஈரம் ஆவியாகிச் 'சுர்' என்கிறது, கூடவே பி.எல்.ஏ.யின் நீண்ட மூலக்கூறுச் சங்கிலிகளை வெட்டவும் செய்கிறது. அதனால்தான் அப்படி வந்த இழை பிறகு ஒடிந்து ஒடிந்து போகும். பெரிய ஆலைகளின் திருகில் பள்ளத்தின் ஆழம் முன்னே போகப் போகக் குறையும், அந்த நெருக்கத்தில் காற்று பின்னோக்கி வெளியேறிவிடும். ஆகர் திருகில் பள்ளம் ஒரே ஆழம், உள்ளே போனது போனதுதான். ஆகவே உலர்த்தியே போட வேண்டும்.

ஆனால் வாங்கிய குருணையையும் நீங்கள் அரைத்ததையும் ஒன்றாக அடுப்பில் வைத்துவிடாதீர்கள், தம்பி. புதுக் குருணை பால் நிறத்தில் இருக்கும். அது படிகமாக்கப்பட்டது, 80 டிகிரியில் நான்கு மணி நேரம் வைத்தாலும் ஒட்டாது. அச்சிலிருந்து அரைத்த துண்டுகள் படிகமாகாதவை, 60ஐத் தாண்டினாலே ஒன்றோடொன்று ஒட்டிப் பாளமாகும். உங்கள் தொண்டையில் முதலில் கட்டி பிடிப்பதும் அவைதாம். தட்டில் மெல்லியதாகப் பரப்பி, 80 டிகிரியில் அடிக்கடி கிளறி, ஒட்டுவதை உடைத்துவிட்டுக்கொண்டே இருந்தால் சிறிது நேரத்தில் வெளுத்துவிடும். அதன் பிறகு ஒட்டாது. சமையலுக்குப் பயன்படும் அடுப்பு வேண்டாம்.

தெர்மோகப்பிளையும் சோதித்துவிடுங்கள். கே வகைக் கம்பிகளின் நிறம் நாட்டுக்கு நாடு மாறுகிறது. அமெரிக்க வழக்கில் மஞ்சள் கூட்டல், சிவப்பு கழித்தல். சிவப்பைக் கூட்டல் என்று நினைத்து மாட்டினால் சூடேற ஏறக் காட்டும் எண் இறங்கும், ஹீட்டர் அணையவே அணையாது. உங்களுடையது 175இல் நிலையாக நிற்பதால் திசை சரிதான். எண் சரியா என்று பார்க்கக் கொதிநீரில் நனைத்துப் பாருங்கள். ஆனால் 100ஐ எதிர்பார்க்காதீர்கள். கியூர்பிப் ஏறக்குறைய 550 மீட்டர் உயரத்தில் இருக்கிறது, அங்கே தண்ணீர் 98 டிகிரியிலேயே கொதிக்கும்.

போர்ட் லூயிஸ் கணக்கு:

இவ்வளவு பாடுபட்டு என்ன மிச்சம்? இரண்டு கிலோ இழையை வெளியே வாங்கினால் முடிந்தது.

டர்பன் லேத்:

பத்து கிலோ மட்டும் ஓட்டப்போகிறவருக்கு நீங்கள் சொல்வது சரி, கிட்டின் விலையே திரும்பாது. பெட்டி பெட்டியாகக் கழிவு சேருகிறவருக்குக் கணக்கு வேறு. தவிர, எல்லாவற்றையும் மிச்சத்துக்காகவே செய்கிறோமா? அமெரிக்காவில் ஹ்யூ லைமன் என்ற ஓய்வுபெற்ற முதியவர், 250 டாலருக்குள் பாகங்களை வாங்கி இப்படி ஓர் இயந்திரம் செய்ய வேண்டும் என்ற போட்டியில் 2013இல் வென்றார். அப்போது அவருக்கு 83 வயது. அவர் தம் வரைபடங்களை எல்லோருக்கும் திறந்துவிட்டார்.

கியூர்பிப் மேட்டுக்காரன்:

நிலவரம் இதுதான். படத்தை நம்பிப் பூட்டியதில் வளையங்கள் தலைகீழாக இருந்தன. தகட்டில் உராய்ந்த வட்டத் தடம் பளபளவென்று தெரிந்தது. திருப்பிப் போட்டேன், கம்பளியை வெட்டினேன், விசிறியைத் தொண்டைக்கு மாற்றினேன். இப்போது தொண்டையில் கையை வைத்துக்கொண்டே இருக்கலாம், மோட்டார் மதியம் முழுவதும் ஓடியும் உறுமவில்லை, தகடும் அசையவில்லை. கொதிநீரில் 97 காட்டியது. வெப்பநிலையை 175இலேயே விட்டுவிட்டேன்.

வாத்தியார் ஐயா சொன்னபடி கிளறிக் கிளறி வெளுக்க வைத்து உலர்த்தியதில் சத்தம் போய்விட்டது. விட்டம்தான் இன்னும் 1.68க்கும் 1.80க்கும் இடையே அலைகிறது.

டர்பன் லேத்:

இழை எங்கே விழுகிறது?

கியூர்பிப் மேட்டுக்காரன்:

மேசை விளிம்பிலிருந்து தரைக்கு. தரையில் சுருண்டு குவிகிறது. குவியல் உயர்ந்ததும் எடுத்துவிடுகிறேன்.

டர்பன் லேத்:

அதுதான். இழையைச் சன்னமாக்குவது அதன் சொந்த எடை. தொங்கும் நீளம் மாறினால் இழுவிசை மாறும், விட்டமும் மாறும். குவியல் உயரும்போது தடிக்கும், எடுத்துவிட்டதும் மெலியும். தரையில் சரிவான பலகை ஒன்றை வைத்து இழை ஒரு பக்கமாக வழுக்கிப் போகும்படி செய்யுங்கள். சன்னல் காற்றையும் அடையுங்கள். அளக்கும்போது ஒரே இடத்தில் குறுக்கும் நெடுக்குமாக இரு முறை அளங்கள், இரண்டு எண்களும் வேறானால் இழை சூடாறும் முன்பே எதன் மீதோ பட்டுச் சப்பையாகிறது.

கடையில் விற்பதுபோல் 0.05க்குள் வர வேண்டுமானால் இழுக்கும் உருளை ஒன்று தேவைப்படும். சும்மா வேடிக்கைக்குச் சொல்லவில்லை: உங்கள் பழைய 1.62 இழையில் 1.75க்கு வேண்டியதைவிட 14 விழுக்காடு பிளாஸ்டிக் குறைவு, 1.83இல் 9 விழுக்காடு அதிகம். இப்படிப்பட்ட இழையால் அச்சில் ஒரு வரிசை ஓட்டையும் அடுத்த வரிசை பிதுங்கலுமாக வரும்.

ஒன்றைச் சேர்த்துச் சொல்ல மறந்துவிட்டேன். எங்கள் ஊரில் லோட் ஷெடிங் (முறை வைத்து மின்வெட்டு) நாட்களில் படித்த பாடம். மின்சாரம் போய் வந்தால் மோட்டார் தானாகத் தொடங்கக் கூடாது. பேரலுக்குள் பிளாஸ்டிக் கல்லாக உறைந்திருக்கும், மோட்டார் அதைத் திருகப் பார்த்து, தன்னையும் திருகையும் சேர்க்கும் இணைப்பானை முறித்துவிடும். கையால் அழுத்தினால் மட்டுமே தொடங்கும்படி ஒரு ரிலே போட்டுவிடுங்கள். உங்கள் பக்கம் புயல் காலத்தில் இது உதவும்.

செயின்ட் பியர் தம்பி:

கம்பளி விஷயத்தை என் இயந்திரத்திலும் பார்க்கிறேன், அங்கேயும் முழுநீளம் சுற்றியிருக்கிறது. ஐயா, இதே கிட்டில் தண்ணீர் பாட்டில்களை வெட்டிப் போடலாமா?

ரோஸ் ஹில் வாத்தியார்:

இந்தக் கிட்டில் வேண்டாம். பாட்டில் பி.இ.டி., 250 டிகிரிக்கு மேல்தான் உருகும், அதற்கு முன் 160 டிகிரியில் மணிக்கணக்காக உலர்த்த வேண்டும். நாசில் மரையில் கசியாமலிருக்கச் சுற்றும் வெள்ளை டெஃப்லான் டேப்போ 260ஐத் தாண்டினால் நச்சுப்புகை விடும், இடைவெளி மிகக் குறைவு. பாட்டிலை நாடாவாக வெட்டிச் சூடான நாசில் வழியே இழுத்து இழையாக்கும் வேறு வகைக் கருவி இருக்கிறது, அது திருகே இல்லாதது. பி.வி.சி. குழாய்த் துண்டு மட்டும் தவறியும் எந்த இயந்திரத்திலும் விழக் கூடாது. ஹைட்ரோகுளோரிக் அமிலப் புகை வரும், மூச்சுக்கும் ஆகாது, பேரலையும் அரித்துவிடும். அரைக்கும் முன் துண்டுகளை ஒருமுறை கையால் பிரித்துப் பார்த்துவிடுங்கள்.