கலைச்சொல்: இடம்பெயர்ந்தோரா, இடமிழந்தோரா?

> வாய்மொழி வரலாற்றுப் படிவத்தில், வெள்ளம் போன்றவற்றால் குடியிருந்த இடத்தை விட்டுப் போக நேர்ந்தவர்களுக்கு ‘பேரிடர்ப் பெயர்வினர்’ என்று போடலாமே. கட்டத்துக்குள்ளும் அடங்கும்.

வணக்கம் ஐயா.

சொல் கச்சிதமாகத்தான் இருக்கிறது, தென்னாப்பிரிக்காவில் எங்கள் டர்பனுக்குத்தான் ஒட்டவில்லை. உம்கேனி ஆற்றோரத்தில் இருந்த டின் டவுன் என்ற இந்தியர் குடியிருப்பை எடுத்துக்கொள்ளுங்கள். 1917 அக்டோபர் வெள்ளத்தில் மாரிமுத்து என்ற மீனவரும் கூட்டாளிகள் ஐவரும் படகு விட்டு 176 பேரைக் கரைசேர்த்த கதையை இங்கே இன்றும் சொல்வார்கள். அதற்குப் பிறகும் அந்த ஆற்றோரத்தில் ஆள் குடியிருந்தது. 1976 வெள்ளத்தோடு அது முடிந்தது. கூடாரத்தில் கிடந்தவர்களை ஃபீனிக்ஸுக்குக் கொண்டுபோய்க் குடிவைத்தார்கள். எந்த இனத்தார் எங்கே குடியிருக்கலாம் என்று வகுத்த குழுப் பகுதிச் சட்டத்தின் காலம். இந்தியருக்கென்றே கட்டிய ஊர் அது.

பெயர்த்தது ஆறா, அரசா? ஃபீனிக்ஸில் ஒரு பாட்டியிடம் வெள்ளத்தைக் கேட்டேன். தண்ணீர் ஏறியதை இரண்டே வாக்கியத்தில் முடித்துவிட்டார். லாரியில் சாமான் ஏற்றியது, பக்கத்து வீட்டார் யார் யார் எங்கெங்கே போனார்கள், கோயில் தூரமாகிப்போனது, இதற்கே முக்கால் மணி நேரம். அந்தப் பதிவின் தலையில் ‘பேரிடர்’ என்று எழுதினால், அவர் சொல்லாத காரணத்தை நாம் சொன்னதாகிவிடும்.

‘இடமிழந்தோர்’ சரிவருமா? யார் பெயர்த்தார்கள் என்று அந்தச் சொல் தீர்ப்புச் சொல்வதில்லை. காரணத்தைத் தனிக் கட்டத்தில், சொன்னவர் வாய்ச்சொல்லாலேயே எழுதிக்கொள்ளலாம்.

> ‘இடமிழந்தோர்’ சரிவருமா?

தங்கச்சி, யாழ்ப்பாணத்தில் ‘இடம்பெயர்ந்தோர்’ ஊறிப்போன சொல். 2004 சுனாமிக்குப் பிறகு வடக்கு, கிழக்குக் கரையில் 200 மீட்டருக்குள் வீடு கட்டக் கூடாது என்று தடை வந்தது. திரும்ப முடியாமல் போனவர்களையும் அப்படித்தான் எழுதினோம். உங்கள் சொல்லில் எனக்கொரு நெருடல்: சொந்தக் காணி இல்லாதவர் எதை இழந்தார் என்று கேட்பார்களே?

> சொந்தக் காணி இல்லாதவர் எதை இழந்தார்

இடம் என்றால் காணி மட்டும்தானா அண்ணா? ‘இருந்த இடம்’ என்கிறோமே, அதுதான். 2022 ஏப்ரல் வெள்ளத்தில் இங்கே 400 பேருக்கு மேல் செத்துப்போனார்கள். வீடு போனவர்கள் தற்காலிகக் குடியிருப்புகளில் நெடுநாள் கிடந்தார்கள். அவர்களை ‘மீள்குடியேறியோர்’ என்று எழுதக் கை வரவில்லை. ‘இடம்பெயர்ந்தோர்’ என்றாலோ தாமாகவே கிளம்பியதுபோலவும் தொனிக்கிறது (என் காதுக்கு, உங்கள் ஊரில் அப்படி இல்லாமலிருக்கலாம்).

ஒருமைக்கு ‘இடமிழந்தவர்’, நிகழ்வுக்கு ‘இடமிழப்பு’. படிவத்தைத் திருத்தி அனுப்புகிறேன். ‘பேரிடர்’ கீழே ஒரு கட்டமாக இருக்கட்டும். சொல்பவர் விரும்பாவிட்டால் காலியாக விடலாம்.