கமுராஸ்கா விவசாயக் குடும்பம் ஒன்றின் முன்னோரைத் தேடுவது எப்படி?

கேள்வி:

என் மருமகளின் தாய்வழிக் குடும்பத்தார், கனடாவின் கியூபெக்கில் செயின்ட் லாரன்ஸ் ஆற்றின் தென்கரையிலுள்ள கமுராஸ்கா பகுதியில் தலைமுறை தலைமுறையாக நிலத்தையும் கறவை மாடுகளையும் நம்பி வாழ்ந்தவர்கள். குடும்பப்பெயர் டெஜார்டென். பேரக்குழந்தைகளுக்காக அவர்களுடைய வம்சாவளியை எழுதிவைக்க விரும்புகிறேன். 1890களில் பிறந்த கொள்ளுத்தாத்தா வரை விவரம் இருக்கிறது. அதற்கு முந்தைய திருமுழுக்குப் பதிவுகளைப் பார்த்தால், ஒரே பங்கில் (தேவாலய வட்டாரத்தில்) ஜோசப் என்ற பெயருடைய குழந்தைகள் ஏராளம்; 18ஆம் நூற்றாண்டுக்குப் போனால் டெஜார்டென் என்ற பெயருக்குப் பதிலாகப் பல இடங்களில் ருவா என்றே இருக்கிறது. எந்த வழியில் மேலே செல்வது?

பதில் 1:

ஐயா, திருமுழுக்குப் பதிவுகளைச் சிறிது காலம் ஒதுக்கிவைத்துவிட்டுத் திருமணப் பதிவுகளைப் பிடித்துக்கொண்டு மேலே செல்லுங்கள். ஆண் குழந்தைகளுக்கு ஜோசப் என்றும் பெண் குழந்தைகளுக்கு மரி என்றும் முதலில் சூட்டி, அடுத்து ஞானப்பெற்றோரின் பெயரைச் சேர்த்து, கடைசிப் பெயரால் வீட்டில் அழைப்பது அங்கே பரவலான வழக்கம். திருமணப் பதிவிலோ மணமக்கள் இருவரின் பெற்றோர் பெயரும், தாய்மாரின் பிறந்த வீட்டுப் பெயருடன் இருக்கும். பெண்கள் அடக்கப் பதிவு வரையிலும் பெரும்பாலும் பிறந்த வீட்டுப் பெயராலேயே குறிக்கப்பட்டார்கள் என்பதால், தாய்வழியைத் தேடுவோருக்கு இதைவிட வசதியான ஆவணத்தொடர் கிடைப்பது அரிது. ஓர் எச்சரிக்கை: மறுமணமாக இருந்தால் பெற்றோருக்குப் பதில் இறந்துபோன துணையின் பெயர் மட்டுமே இருக்கக்கூடும், அப்போது முதல் திருமணத்தைத் தேட வேண்டும்.

கியூபெக் நகரில் 1640இல் நடந்த தீ விபத்தில் அழிந்த தொடக்ககாலப் பதிவேடுகளை நினைவிலிருந்து மீட்டு எழுதினார்கள். 1679 முதல் இரண்டு பிரதிகள் எழுதி, ஒன்றை நீதிமன்றத்திடம் ஒப்படைக்கும் வழக்கம் வந்ததால், ஒன்று அழிந்தாலும் மற்றொன்று பெரும்பாலும் கிடைக்கிறது. மாண்ட்ரியால் பல்கலைக்கழகத்தில் 1966இல் தொடங்கிய மக்கள்தொகை வரலாற்றுத் திட்டம், 1621 முதல் 1849 வரையிலான கத்தோலிக்கப் பதிவுகளைக் குடும்பம் குடும்பமாக இணைத்து வைத்திருக்கிறது. நீங்கள் 1849க்கு முந்தைய ஒரு திருமணத்தை எட்டிவிட்டால் பாதி வேலை முடிந்தது.

பதில் 2:

பெயர் மாற்றத்தைப் பற்றி மட்டும் சொல்கிறேன். ஒரே குடும்பம் "ருவா டி டெஜார்டென்" (டெஜார்டென் என்று அழைக்கப்படும் ருவா) என்று இரட்டைப் பெயர் கொண்டிருப்பது அங்கே சாதாரணம். 1665இல் பிரான்சிலிருந்து வந்த காரிஞான்-சாலியேர் படைப்பிரிவின் சிப்பாய்கள் பலருக்கு இத்தகைய பட்டப்பெயர் இருந்தது. ஏறத்தாழ 1,200 பேரில் 400 பேர் அங்கேயே குடியமர்ந்தார்கள். அவர்களில் ஒருவர்தான் ஆந்த்வான் ருவா டி டெஜார்டென். ஆனால் கியூபெக்கில் ருவா என்ற பெயருடைய குடும்பங்கள் எல்லாமே ஒரே மூதாதையிலிருந்து வந்தவை அல்ல. புகழ்பெற்ற ஒருவரிலிருந்து கீழே இறங்கி வந்து உங்கள் குடும்பத்தை ஒட்டவைக்கும் ஆசை எல்லோருக்கும் வரும். தயவுசெய்து அதற்கு இடம் கொடுக்காதீர்கள்.

பதில் 3:

விவசாயக் குடும்பம் என்பதால் நோட்டரி ஆவணங்களையும் பார்த்தாக வேண்டும். கியூபெக் தேசிய நூலகமும் ஆவணக் காப்பகமும் அவற்றைப் பாதுகாக்கின்றன. திருமணத்திற்குச் சில நாட்கள் முன்பு எழுதப்பட்ட ஒப்பந்தம் உறவினர்களின் பெயர்களைச் சாட்சிகளாகத் தரும். அதைவிட, முதுமையடைந்த பெற்றோர் நிலத்தை ஒரு மகனுக்கு எழுதிவைத்த தானப் பத்திரம் என் பார்வையில் பெரும் பொக்கிஷம். ஆண்டுக்கு எவ்வளவு கோதுமை, எவ்வளவு விறகு, எத்தனை பன்றி, திருப்பலிக்குச் செல்லக் குதிரைவண்டி என்று மகன் தரவேண்டியவற்றை அது அடுக்கிச் சொல்லும். 1854இல் ஒழிந்த நிலமானிய முறையின்கீழ் நிலங்கள் ஆற்றங்கரையில் தொடங்கி உள்நோக்கி நீளும் குறுகிய பட்டைகளாகப் பிரிக்கப்பட்டன. பத்திரத்தில் இருபுறத்து அண்டை நிலக்காரர்களின் பெயர்களும் வருவதால், ஒரே பெயருடைய இரண்டு ஜோசப்புகளை அவரவர் நிலத்தைக் கொண்டே பிரித்தறியலாம்.

ஒரு சகோதரர் 1860களுக்குப் பிறகு திடீரென்று பதிவேடுகளில் காணப்படவில்லையென்றால், அவர் இறந்துவிட்டார் என்று முடிவு கட்டாமல், பஞ்சாலை வேலைக்காக இலட்சக்கணக்கானோர் சென்ற லோவெல், மான்செஸ்டர், லூயிஸ்டன் போன்ற அமெரிக்காவின் நியூ இங்கிலாந்து நகரங்களின் பிரெஞ்சுப் பங்குகளிலும் தேடுங்கள்.