கிரில்ட் சீஸ் சாண்ட்விச்: தமிழில் என்ன போடலாம்?

நியூ ஜெர்சி ஆசிரியை:
அனைவருக்கும் வணக்கம். எங்கள் வார இறுதித் தமிழ்ப் பள்ளியில் செய்முறை எழுதும் பாடத்துக்கு, பிள்ளைகள் வீட்டில் தாங்களே செய்யும் கிரில்ட் சீஸ் சாண்ட்விச்சை எடுத்திருக்கிறோம். தொகுப்பு வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது. அதற்கு இப்போதைக்கு வைத்திருக்கும் தமிழ்ப் பெயர் 'வாட்டிய பாலாடைக்கட்டி இடையீட்டு ரொட்டி'. பிள்ளைகள் வாயில் நுழையவில்லை.

மதுரைத் தமிழாசிரியர்:
வாட்டுவது நேரடி அனலில். பொருநராற்றுப்படையில் 'காழிற் சுட்ட கோழூன் கொழுங்குறை' வருகிறதே! கம்பியில் கோத்துச் சுட்ட இறைச்சியைச் சூடு தாங்காமல் வாயின் இரு புறமும் மாற்றி மாற்றி ஒற்றித் தின்கிறார்கள். கிரில்லுக்குக் 'காழ்சுடல்' என்பதே என் முன்மொழிவு. காழ், கழி இரண்டும் ஒரே வேர் என்பது என் நெடுநாள் எண்ணம். தனி மடலில் விரிக்கிறேன்.

நியூ ஜெர்சி ஆசிரியை:
ஐயா, இதில் கம்பியே கிடையாது. பெயர்தான் கிரில்ட்; அமெரிக்காவில் இதைத் தோசைக்கல் போன்ற தட்டையான கல்லில்தான் சுடுகிறார்கள். ரொட்டியின் வெளிப்பக்கம் வெண்ணெய் தடவி, மிதமான தீயில் வைக்க வேண்டும். செடார் என்ற சீஸ் வகை 65 பாகை செல்சியஸ் வாக்கில் இளகிவிடும். ரொட்டி பொன்னிறமாகச் சிவக்கக் கிட்டத்தட்ட 140 பாகை வேண்டும். தீயைக் கூட்டினால் ரொட்டி கருகிவிடும், உள்ளே சீஸ் கட்டியாகவே நிற்கும். அதனால் துருவிப் போட்டு, முதலில் கொஞ்ச நேரம் மூடி வைக்கச் சொல்கிறோம். நாள்பட்ட செடாருக்குச் சுவை அதிகம், ஆனால் எண்ணெய் பிரியும். இளசையும் பாதி சேர்த்தால் சரியாக வரும். உட்புறம் துளி கடுகு விழுது. தோசையை முறுகல் என்கிறோமே, அதுபோல 'சீஸ் முறுகல்' எனலாமா?

டொரன்டோ நண்பர்:
பாலாடைக்கட்டி என்பதே பிழை. ஆடை, காய்ச்சிய பாலின் மேல் படிவது. சீஸ், திரிந்த பாலை வடித்துக் கட்டியது. ஈழத்தில் 'பாற்கட்டி' என்போம். பால் + கட்டி, புணர்ச்சியும் சுத்தம். அப்புறம், எங்கள் பக்கம் ரொட்டி என்றால் தேங்காய்ப்பூ சேர்த்துச் சுடுவது. இது பாண்.

சென்னை மொழிபெயர்ப்பாளர்:
பாண் போர்த்துக்கீசியம், ரொட்டி வடக்கிலிருந்து வந்தது. இரண்டையும் ஏற்ற நாம் சீஸை மட்டும் ஏன் விரட்ட வேண்டும்? வடசொல்லைத் தமிழ் எழுத்துக்கு மாற்றி ஏற்கத் தொல்காப்பியரே வழி சொன்னார். அந்த வழியில் 'சீசு' போதும். கடையில் பாற்கட்டி கேட்டால் கிடைக்குமா?

மதுரைத் தமிழாசிரியர்:
பேருந்தையும் இப்படித்தான் கேட்டார்கள். பாற்கட்டியை முழு மனதாக ஏற்கிறேன். ரொட்டி என்றால் 'உரொட்டி' என்று எழுதுங்கள். ரகரம் மொழிமுதல் வராது.

சென்னை மொழிபெயர்ப்பாளர்:
உரொட்டி என்று படித்தால் எந்தப் பிள்ளைக்கும் பசி எடுக்காது. நான் சீசு பக்கமே நிற்கிறேன்.

நியூ ஜெர்சி ஆசிரியை:
பெரும்பாலோர் பாற்கட்டி பக்கம் இருப்பதால் தலைப்பு 'பாற்கட்டி முறுகல்'. செய்முறைக்குள் சீஸ் என்றே இருக்கும். பக்கத்தை அச்சகத்துக்கு அனுப்பிவிட்டோம். அனைவருக்கும் நன்றி.

மதுரைத் தமிழாசிரியர்:
முறுகல் வெளிப்புறத்தை மட்டுமே சொல்கிறது. இழுத்தால் நூலாக வரும் உட்புறம் அதில் இல்லை. 'இளகுபாற்கட்டி' என வினைத்தொகையாக்கினால் முக்காலத்துக்கும் பொருந்தும். அடுத்த பதிப்பிலாவது மாற்றுங்கள். காழ்சுடலையும் நான் கைவிடவில்லை.