ஜனவரியில் இரண்டு கிழமை கடற்கரை: எழுபதை நெருங்கும் எங்களுக்கு எது சரி?

வடலிக்கிழவன், ஸ்காபரோ:
எல்லாருக்கும் வணக்கம். நானும் மனுசியும் வேலையால ஓய்ஞ்ச பிறகு வாற முதல் மாரி இது. பிள்ளையள் காசு போட்டுத் தாறம், ஜனவரி கடைசியில இரண்டு கிழமை எங்கையாவது சூடான கடற்கரையில இருந்திட்டு வாங்கோ எண்டு நிக்கினம். மனுசிக்கு முழங்கால் தேய்வு, படி ஏறேலாது. எனக்குப் பிரஷரும் சீனியும். இரவில மூச்சு மெஷின் போட்டுத்தான் படுக்கிறது. இரண்டு பேருக்கும் நீச்சல் தெரியாது, இடுப்பளவு தண்ணியில நிண்டால் காணும். மகன் டொமினிக்கன் குடியரசில இருக்கிற புன்டா கானா எண்டுறான். மகள் கியூபா மலிவு எண்டுறாள். மச்சான் இலங்கைக்கு, ஊருக்குப் போகச் சொல்லுறார். போய்வந்த ஆக்கள் சொல்லுங்கோ. ஹோட்டல் விளம்பரம் வேண்டாம்.

நல்லூரான்:
மச்சான் சொல்லுறதுதான் சரி. ரிசோர்ட்டுக்குள்ள கையில பட்டியைக் கட்டிக்கொண்டு காலமை முட்டை, மத்தியானம் பாஸ்ரா, இரவும் பாஸ்ரா. உதுக்கு ஏன் அண்ணை பிளேன் ஏற வேணும்? திருகோணமலைப் பக்கம் நிலாவெளிக்குப் போங்கோ. வெள்ளை மணல், முன்னால புறாத்தீவு, சமைக்கிற பொடியனோட தமிழில கதைச்சு உங்களுக்குப் பிடிச்ச மாதிரி மீன்குழம்பு வைப்பிக்கலாம். மனம் வந்தால் கோணேசரையும் கும்பிடலாம்.

அலைமகள்:
ஜனவரியிலயோ? நான் திருகோணமலையில பிறந்து வளர்ந்த ஆள். வாடை வீசிற காலத்தில நிலாவெளிக் கடல் கலங்கித்தான் நிக்கும், புறாத்தீவுக்கு வள்ளம் விடாத நாளும் வரும். நீச்சல் தெரியாத இரண்டு பேரை அந்த நேரம் அங்க அனுப்புறது சரியான யோசனை இல்லை. கிழக்குக் கரைக்குச் சீசன் சித்திரையில தொடங்கிப் புரட்டாதி மட்டும். மார்கழி, தை, மாசியில இலங்கைக் கடல் வேணுமெண்டால் மற்றப் பக்கம் போங்கோ: பெந்தோட்டை, ஹிக்கடுவை, உனவட்டுன, மிரிஸ்ஸ. கடற்கரை எண்டால் எப்பவும் ஒரே கடற்கரை எண்டு நினைச்சுச் சனம் டிக்கெற் போட்டிட்டுப் பிறகு மழையைத் திட்டுறது.

நல்லூரான்:
சரி, உனவட்டுன. வளைஞ்ச குடா, பாறைத்திட்டு அலையை மறிக்குது, தண்ணி ஏறத்தாழ 28 பாகை, காலிக் கோட்டை பக்கத்தில. கரீபியனுக்கு இது எதில குறைவு? எங்கட நாட்டுச் சனத்துக்கு நாலு காசு போய்ச் சேரட்டும்.

தாதி அக்கா, பிராம்டன்:
கடலைப் பார்க்க முதல் பயணத்தைப் பாருங்கோ. ரொறன்ரோவில இருந்து கியூபாவின்ர வரடேரோவுக்கு மூண்டரை மணித்தியாலம், புன்டா கானாவுக்கு நாலரை. கொழும்பு எண்டால் இடையில ஒரு இடத்தில மாறி, வாசலால வெளிக்கிட்டு அறைக்குள்ள போக ஒரு நாளுக்கு மேல போகும். நாலு மணித்தியாலத்துக்கு மேல ஆடாமல் அசையாமல் இருந்து போனால் காலில இரத்தம் கட்டிற ஆபத்து ஏறத்தாழ இரண்டு மடங்காகும் எண்டு உலக சுகாதார நிறுவனம் 2007 இல சொன்னது. மொத்தத்தில அது சின்ன ஆபத்துத்தான், பயப்பிடத் தேவையில்லை. ஆனால் முழங்கால் நோவால எழும்பி நடக்கப் பஞ்சிப்படுற ஆள் யோசிக்க வேணும்.

மற்றது நேரம். மாரியில கொழும்புக்கும் எங்களுக்கும் பத்தரை மணித்தியால வித்தியாசம். சீனி வருத்தக்காரருக்குச் சாப்பாடு, குளிசை, நித்திரை மூண்டும் தலைகீழாகும். மூண்டு மாதம் நிக்கப் போற ஆளுக்குப் பரவாயில்லை. இரண்டு கிழமையில முதல் நாலைஞ்சு நாள் தூங்கி வழிஞ்சே போயிடும், திரும்பி வந்தாலும் அதே கூத்து. கியூபாவில ரொறன்ரோ நேரம்தான். டொமினிக்கன் ஒரு மணித்தியாலம் முன்னுக்கு.

கியூபாப் பிரியன்:
அப்பாடா, ஒராள் கியூபாவின்ர பேரைச் சொல்லீற்றா. வரடேரோ கரை 20 கிலோமீற்றர் நீளம். கன இடங்களில சரிவு மெதுவா இறங்கும், நீச்சல் தெரியாதவருக்கு அதைவிட என்ன வேணும்? சனம் அன்பானது. இரவு கரையில தனிய நடந்திருக்கிறன், ஒரு கரைச்சலும் இல்லை. சாப்பாடு சுமார்தான், அதுக்கு ஒரு போத்தல் ஊறுகாய் கொண்டு போனால் முடிஞ்சுது. கறுப்பு அவரையும் சோறும் தருவினம், எங்கட வாய்க்கு ஒத்துப் போகும்.

அலைமகள்:
மூச்சு மெஷினுக்கு ஊறுகாய் போட்டு ஓட்டேலாது தம்பி. 2024 ஐப்பசியில கியூபா முழுக்க மின்சாரம் நிண்டது, அதுக்குப் பிறகும் பலதரம் நிண்டது. பெரிய ஹோட்டல்களில ஜெனரேற்றர் இருக்கு, சரி. அதுக்கு ஊத்த எண்ணெய்க்கும் நாட்டில தட்டுப்பாடு. சாதாரண மருந்துக்கே அங்கத்தைச் சனம் அலையுது. ஜனவரியில வடக்கால குளிர்காத்து இறங்கினால் வரடேரோவில கடலில இறங்காதே எண்டு சிவப்புக் கொடி ஏறும். இரண்டு மூண்டு நாளைக்குக் கடலைப் பார்த்துக்கொண்டு ஜாக்கெற்றோட இருக்கலாம்.

கியூபாப் பிரியன்:
சிவப்புக் கொடி புன்டா கானாவில ஏறாதோ? அங்க அத்திலாந்திக் பக்கம், காத்து முகத்திலயே அடிக்கும். கியூபாவைக் கண்டால் மட்டும் எல்லாருக்கும் வாய் நீளும்.

வேம்படி, லண்டன்:
ஒரு சின்ன இடைச்செருகல், கனடாக்காரர் தாண்டிப் போகலாம். பிரித்தானியப் பாஸ்போட் வைச்சிருக்கிற ஆக்கள் 2021 ஜனவரி 12 க்குப் பிறகு கியூபா போயிருந்தால் அமெரிக்காவுக்கு விசா இல்லாமல் போறதுக்கான எஸ்டா எண்ட ஒன்லைன் அனுமதி எடுக்கேலாது, முறையான விசாவுக்கு நேர்முகம் போக வேணும். நியூ ஜேர்சியில பேரப்பிள்ளையள் இருக்கிற அப்பம்மாமார் கவனம்.

மிசிசாகா மாமா:
சார், நான் சென்னைக்காரன், கொஞ்சம் மாத்திச் சொல்றேன், கோவிச்சுக்காதீங்க. கடற்கரைன்னா சாயங்காலம் அரை மணி நேரம் காத்து வாங்கிட்டு, சுண்டல் சாப்பிட்டுட்டு வீட்டுக்கு வர்ற இடம். அதுக்குப் போய் பதினாலு நாள் படுத்துக் கிடக்கணுமா? கோவளம் போங்க, கேரளாக் கோவளம். டிசம்பர்ல இருந்து பிப்ரவரி வரைக்கும் அரபிக் கடல் சாதுவா இருக்கும். முழங்காலுக்கு எண்ணெய் வெச்சு ஆயுர்வேதமும் பாத்துக்கலாம். வர்க்கலாவுக்கு மட்டும் போகாதீங்க. அங்க நிறைய இடத்துல குன்று மேலேருந்து படி இறங்கித்தான் கடலுக்குப் போகணும், அக்காவுக்கு ஆகாது.

தாதி அக்கா, பிராம்டன்:
கொழும்புக்குச் சொன்ன பயணக் கணக்கு கோவளத்துக்கும் பொருந்தும் அண்ணா. முழங்கால் தேய்வு எண்ணெய்க்குப் போகாது, நோ கொஞ்சம் இளகும், அவ்வளவுதான்.

பாரிசுக் காகம்:
ஆரும் குவாதலூப்பைப் பற்றிக் கதைக்கேல்லை, ஆச்சரியம். கரீபியன் கடலுக்குள்ள இருந்தாலும் அது பிரான்ஸின்ர ஒரு மாகாணம். யூரோ, பிரெஞ்சு ஆசுப்பத்திரி, எங்கட சுகாதார அட்டை அங்கையும் செல்லும். பாரிசுத் தமிழருக்கு இது பெரிய வசதி. ஜனவரியில மழை குறைய, சூடு அளவு. கிராந்த் தேர் தீவின்ர தெற்கில சந்த் ஆன் எண்டு ஒரு ஊர். பவளப்பாறை அலையைத் தடுக்கிறதால கடல் குளம் போலக் கிடக்கும், இடுப்பளவு தண்ணியில பேப்பர் வாசிக்கலாம்.

அதைவிட ஒரு விசயம் கிடக்கு. 1854 மார்கழியில ஒரேலி எண்ட கப்பலில எங்கட தமிழ்ச் சனம் உட்பட இந்தியக் கூலியள் அங்க போய் இறங்கினவை. கரும்புத் தோட்ட வேலைக்கு. கபெஸ்தேர் பக்கம் சாஞ்ஜி எண்ட இடத்தில மாரியம்மன் கோயில் இருக்கு, தெருவில நிண்டே கோபுரம் தெரியும். பாஷை போயிட்டுது, சாமி நிண்டிட்டுது. ஆட்டுக்கறியும் கோழிக்கறியும் மல்லி, சீரகம், மஞ்சள், கடுகு, வெந்தயம் போட்டு வைக்கினம், அதின்ர பேர் அங்க கொழும்பு. ஊறுகாய்ப் போத்தல் தேவைப்படாது.

நல்லூரான்:
மாரியம்மனைப் பார்க்க பிரெஞ்சு படிச்சுக்கொண்டு போகோணுமோ? ஸ்காபரோவில நிண்டு பார்த்தால் பெரும்பாலும் மொன்றியல் மாறித்தான் போக வேணும். எல்லாம் சேர்த்த ரிசோர்ட் அங்க பெரும்பாலும் இல்லை, கார் எடுத்து ஓட வேணும். குழாய்த் தண்ணி முறை வைச்சு நிப்பாட்டுறது அங்க வருசக்கணக்கான பிரச்சினை, அதையும் சொல்லும்.

பாரிசுக் காகம்:
உண்மை, தண்ணி வெட்டு இருக்கு. வாழைத்தோட்டத்துக்கு 1993 வரை அடிச்ச குளோர்தெகோன் மருந்தால மண்ணும் கெட்டுக் கிடக்கு, அதையும் நானே சொல்லிவிடுறன். இரண்டு கிழமை போற ஆளுக்கு அதால பெரிசா ஒண்டும் இல்லை, தோட்டக் கிழங்கு வாங்கிற நேரம் எங்க விளைஞ்சது எண்டு கேட்டால் காணும். ஆனால் கடற்கரைக்குப் பக்கத்தில சமையலறையோட சின்ன வீடு எடுத்தால், சந்தையில மீன் வாங்கி நீங்களே காய்ச்சலாம். அந்தச் சுகம் ரிசோர்ட்டில வருமோ?

வடலிக்கிழவன், ஸ்காபரோ:
இதை மனுசிக்கு வாசிச்சுக் காட்டினன். அவ தான் எழுதப் போறாவாம். கீழ இருக்கிறது அவ சொல்லச் சொல்ல நான் தட்டினது.

"தம்பி பாரிசு, சந்தையில மீன் வாங்கி ஆர் காய்ச்சிறது? நீங்கள் கடலுக்குள்ள நிண்டு பேப்பர் வாசிக்க நான் அடுப்படியில நிக்கிறதோ? அடுப்பு இல்லாத அறைதான் எனக்கு வேணும். நல்லூரான் தம்பிக்கும் ஒண்டு. ஊருக்கு நான் ஆசையாப் போவன், ஆனால் அது வேற பயணம். உனவட்டுனவில இருக்கிறம் எண்டு தெரிஞ்சால் கொழும்பில இவற்ற தமக்கை, யாழ்ப்பாணத்தில என்ர சித்தி, வவுனியாவில கலியாண வீடு. ஒருதரிட்டப் போய் மற்றவரிட்டப் போகாட்டில் பத்து வருசம் கதை வரும். பெட்டி நிறையச் சொக்கிளேற். கடலைக் கண்ணால காணமாட்டம். இன்னொண்டு, நான் நீச்சல் உடுப்பு போடமாட்டன். சட்டையோட இறங்கினால் விடுவினமோ?"

அலைமகள்:
அக்கா, இந்தத் திரியில முதல் முறையா ஒராள் விடுமுறையைப் பற்றிக் கதைச்சிருக்கிறா.

நல்லூரான்:
சொந்தத்துக்குச் சொல்லாமல் போங்கோவன்.

வடலிக்கிழவன், ஸ்காபரோ:
தம்பி இன்னும் கலியாணம் கட்டேல்லைப் போல.

தாதி அக்கா, பிராம்டன்:
உடுப்புக்கு வாறன். நீந்திற குளத்தில நீச்சல் உடுப்புக் கேப்பினம், கடலில ஆரும் கேக்கமாட்டினம். முழுக்கை, முழுக்கால் நீச்சல் உடுப்பு ரொறன்ரோவிலயே வாங்கலாம், வெயிலுக்கும் அதுதான் நல்லது. நீளப் பாவாடை, சீலையோட மட்டும் இறங்காதேங்கோ. நனைஞ்ச துணி காலைச் சுத்தினால் முழங்கால் பலமில்லாத ஆள் எழும்பேலாது.

இடத்துக்கு என்ர சொல்: டொமினிக்கன், ஆனால் புன்டா கானாவின்ர பவாரோ கரை இல்லை. கியூபாப் பிரியன் காத்தைப் பற்றிச் சொன்னது சரி. அதே விமான நிலையத்தில இறங்கி, ஒரு மணித்தியாலம் அளவு ஓடினால் தெற்கில பயாயிபே வரும். கரீபியன் பக்கம், கடல் அடக்கம். மின்சாரம் 110 வோல்ட், ஏறத்தாழக் கனடா மாதிரித்தான், எங்கட பிளக் அப்பிடியே போகும். மெஷினைக் கையோட கொண்டு போங்கோ, மருத்துவ சாதனம் எண்டால் கைப்பைக் கணக்கில சேர்க்கமாட்டினம். பதிவு செய்யேக்க இரண்டு விசயத்தை எழுத்தில கேளுங்கோ: நிலத்தோட இருக்கிற அறை, சாப்பாட்டு மண்டபத்துக்கும் கடலுக்கும் கிட்ட. உந்த இடங்கள் பலதில மூண்டு மாடி இருக்கும், லிஃப்ற் இருக்காது. படத்தில அது தெரியாது.

பகலில கடிக்கிற நுளம்புக்கு மருந்து பூசுங்கோ. சின்னனில ஊரில டெங்கு வந்த ஆளுக்கு இரண்டாந்தரம் வந்தால் கடுமையாகலாம். இது நீங்கள் சொன்ன எல்லா இடத்துக்கும் பொது.

கியூபாப் பிரியன்:
சரி, பயாயிபேக்கு நானும் கை தூக்கிறன். ஆனால் இரண்டு கிழமைக்கு அங்க ஆகிற காசுக்கு வரடேரோவில இதைவிடக் கனநாள் இருக்கலாம் எண்டதை ஆரும் மறுக்கமாட்டியள்.

தாதி அக்கா, பிராம்டன்:
மிச்சம் பிடிக்கிற காசைக் காப்புறுதியில போடட்டும். ஓஹிப், அதுதான் ஒன்ராறியோ அரசாங்கத்தின்ர மருத்துவக் காப்புறுதி, வெளிநாட்டு ஆசுப்பத்திரியில படுத்தால் நாளுக்குக் கூடினது 400 டொலர் தரும், படுக்காமல் மருந்தெடுத்துக்கொண்டு வந்தால் 50. இதயத்தில ஒரு பிரச்சினை எண்டு இரண்டு நாள் தீவிர சிகிச்சையில வைச்சால் அது வாசல் காவலாளிக்கும் காணாது. அதாலதான் தனியார் காப்புறுதி. அதில எங்கட வயதுக்காரர் தடுக்கி விழுகிற இடம் ஒண்டு இருக்கு: பழைய வருத்தம் போற நாளுக்கு முந்தின 90 நாளோ 180 நாளோ மாறாமல் இருந்திருக்க வேணும். புதுக் குளிசை தந்தாலும் மாற்றம், அளவைக் கூட்டினாலும் மாற்றம், பல திட்டங்களில குறைச்சாலும் மாற்றம். "நல்லாயிட்டன், அதால குறைச்சவர்" எண்டு சொன்னால் கேக்கமாட்டினம். அந்த வருத்தத்தால வாற செலவு முழுக்க உங்கட தலையில.

வடலிக்கிழவன், ஸ்காபரோ:
கோதாரி. போன மாதம்தான், கார்த்திகை (நவம்பர்) நடுப்பகுதியில, குடும்ப டொக்டர் பிரஷர் குளிசையின்ர அளவைக் கூட்டினவர்.

தாதி அக்கா, பிராம்டன்:
அப்ப ஜனவரி கடைசி சரிவராது. 90 நாள் திட்டமெண்டாலும் மாசி (பெப்ரவரி) நடுப்பகுதி தாண்ட வேணும். 180 நாள் எண்டால் வைகாசி (மே), அதுக்குள்ள இங்கயே வெயில் வந்திடும்.

நல்லூரான்:
பாத்தியளோ! மாசி கடைசி, பங்குனி எண்டு தள்ளினால் கரீபியனில கடற்பாசி வரத் தொடங்கும். 2011 இல இருந்து கோடையை ஒட்டி ஏறத்தாழ வருசா வருசம் வருது, கரையில ஒதுங்கி அழுகி மணக்கும். உனவட்டுன பங்குனியிலயும் தெளிவாத்தான் இருக்கும்.

அலைமகள்:
பாசி கூடத் தாக்கிறது கிழக்கு முகமா இருக்கிற கரையளை. பயாயிபேக்கு அந்தளவுக்கு வாறேல்லை. மாசி கடைசியில இன்னும் தொடக்கம்தான்.

நல்லூரான்:
வந்தால்?

அலைமகள்:
வந்தால் குளத்தில நிண்டு, உங்களுக்கு ஒரு படம் எடுத்துப் போடச் சொல்லுறன்.

வடலிக்கிழவன், ஸ்காபரோ:
மனுசி பயாயிபே எண்டு முடிவு கட்டிற்றா, மாசி கடைசிக் கிழமை தொடங்கி. நாளைக்குக் காப்புறுதிக்கு அடிக்கப் போறன். தாதி அக்கா, என்னத்தைக் கேக்கிறது எண்டு ஒருக்கால் ஒழுங்காச் சொல்லுங்கோ, டெலிபோனில இங்கிலீசில தடுமாறாமல் இருக்க.

தாதி அக்கா, பிராம்டன்:
குளிசைப் பேரும் அளவும் மாறின திகதியும் எழுதின தாளை முன்னால வையுங்கோ. "இந்த மாற்றத்தோட இந்தத் திகதியில போனால் பிரஷரால வாற செலவு உள்ளுக்க வருமோ" எண்டு நேர கேளுங்கோ. ஓம் எண்டால் மின்னஞ்சலில தரச் சொல்லுங்கோ. தந்த பிறகு டிக்கெற். அதுக்கிடையில டொக்டரிட்டப் போனால், அவசரமில்லாத மாற்றத்தைப் பயணத்துக்குப் பிறகு வைக்கலாமோ எண்டு கேட்டுப் பாருங்கோ; அவர் இப்பவே மாத்த வேணும் எண்டால் மாத்துங்கோ, பயணத்தைத் தள்ளுங்கோ. அக்காவின்ர முழங்கால் குளிசையளையும் அதே தாளில எழுதுங்கோ, அவவுக்கும் தனியக் கேள்வி இருக்கு.