மழைக் கையுறையைக் காயவைப்பது எப்படி?

குன்னூரிலிருந்து கோத்தகிரிக்குத் தினமும் பைக்கில் வேலைக்குப் போகிறேன். ஐப்பசி மழையில் வாட்டர்ப்ரூஃப் கையுறையின் உள்துணி நனைந்து, இரண்டு நாளாகியும் விரல் நுனிகள் காயவில்லை. வாடை வேறு. அவசரத்தில் அடுப்புப் பக்கம் வைத்தேன், கையுறையின் உள்ளங்கைப் பக்கத் தோல் விறைத்துப்போனது. இப்போது செய்தித்தாளைச் சுருட்டித் திணித்து, ஈரமானதும் மாற்றி, ஃபேன் காற்றில் தொங்கவிடுகிறேன்.

முன்பெல்லாம் மேலே தண்ணீர் முத்து முத்தாக உருண்டோடும். இப்போது துணியே குடித்துக் கனக்கிறது. சலவைத்தூள் தங்கினாலும் இப்படி ஆகும் என்பதால் வெதுவெதுப்பான நீரில் நன்றாக அலசினேன், பலனில்லை. நீர் விலக்கும் ஸ்ப்ரே போதுமா, தோலுக்குத் தனியாக மெழுகு வேண்டுமா? அப்புறம், உள்துணியை வெளியே இழுத்தால் விரல்பகுதி பிய்ந்துவிடுமோ என்று பயம். பழகியவர்கள் சொல்லுங்களேன். காலை 6.30 மணிக் குளிரில் ஈரக் கையுறையோடு போனால் விரல் மரத்து, பிரேக் பிடிக்கவே சிரமமாக இருக்கிறது.